தேயிலைப் பெட்டிக்குள் ஒரு படம்

மூன்றாம் முறையும் பாதியில் நின்றுபோனது.

அனுப்பவேண்டியது ஒரே ஒரு படம். என் பிரியாவிடைக்கு இறம்பொடைத் தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொண்டது. ஊர்மிளா டீச்சர் அதைத் தன் போனுக்குக் கேட்டிருந்தாள்.

2005 டிசம்பர். எனக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வந்துவிட்டது. இன்னும் ஒரு மணி நேரத்தில் பஸ். நான்கு வருடமாக அவளிடம் சொல்ல நினைத்ததை இன்னும் சொல்லவில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்த பெண் என்றால் என் வீட்டில் என்ன பேசுவார்கள் என்று பயந்தே காலத்தைக் கடத்திவிட்டேன்.

இன்பிராரெட்டில் அனுப்ப, இரண்டு போன்களும் ஒரு சாண் இடைவெளியில் ஒன்றையொன்று பார்த்தபடி ஆடாமல் இருக்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த வெளிச்சத்துக்கு வெயில் ஆகாது. ஆசிரியர் அறை ஜன்னல் வெயிலோ நேரே மேசைமேல் விழுந்தது.

அவள் எழுந்துபோய், பந்துகள் போட்டுவைக்கும் பழைய தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துக் காலிசெய்து இழுத்து வந்தாள். பலகைப் பெட்டி. உள்ளே முழுக்க வெள்ளித்தாள்.

"இதுக்குள்ள வச்சுப் புடிச்சா வெயில் படாதுங்களே சேர்?"

நான் விஞ்ஞான வாத்தியார். வெள்ளித்தாள் அந்த வெளிச்சத்தை வெளியே விடாமல் சுவருக்குச் சுவர் திருப்பி அடிக்கும். போன்களை உள்ளே எப்படிப் போட்டு மூடினாலும் படம் போய்ச் சேரும். கையால் பிடிக்கத் தேவையே இல்லை.

ஆடாமல் பிடிக்கவேண்டும் என்றேன். வெட்கம் கெட்டவன்.

இருவரும் கைகளை முழங்கைவரை பெட்டிக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். தேயிலை வாசம் இன்னும் போகவில்லை. அவள் விரல் என் விரலில் பட்டது. அவள் எடுக்கவில்லை. இந்தப் படம் போய்ச் சேரவே கூடாது என்று ஏங்கினேன்.

சேர்ந்துவிட்டது.

அவள் போனை வெளியே எடுத்தாள். திரையின் ஓரத்தில் சின்னதாய் ஒரு நீல அடையாளம். புளூடூத். ஆளுக்கொரு மேசையில் இருந்தபடியே நொடியில் அனுப்பியிருக்கலாம். என் போனில் அது இருப்பதைக் காலையிலிருந்து நான் மறைத்துவந்தேன். அவளும்தான்.

நான் பார்த்துவிட்டதை அவள் கவனித்தாள். தலை குனிந்தபடி மறுபடி பெட்டிக்குள் கையை விட்டாள்.

"படம் வரலீங்க சேர். இன்னொருக்கா அனுப்புங்க."

அவள் திரையில் நாங்கள் பதினாறு பேரும் தெளிவாக நின்றுகொண்டிருந்தோம்.