தீ மணி

1437 மார்ச்சில், பிளாண்டர்ஸின் ஒரு நெசவு நகரத்தில், நகரசபை தன் புதுக் கோபுரத்தில் மணி கட்டியது. தீப்பிடித்தால் இனி அதைத்தான் அடிக்க வேண்டும் என்று உத்தரவு. பதினெட்டு வருடம் தேவாலயத்தில் தீ மணி அடித்த ரோம்பவுட்டுக்கு அன்றிலிருந்து வயிறு எரிந்தது.

ஒரு மதியம் சாயக்காரர் தெருவில் புகை எழுந்தது. தேவாலய மணிக்கூண்டில் நின்ற ரோம்பவுட் எதிரே நகரசபைக் கோபுரத்தைப் பார்த்தான். அங்கே பியர் குடித்த மயக்கத்தில் காவலன் ஹேன் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

“என்னங்க, கயித்த இழுங்க!” சாப்பாடு கொண்டுவந்த மனைவி மெக்டெல்ட் கத்தினாள்.

“தீ மணி இப்ப அவனோடதாச்சே. தொரை எந்திரிச்சு அடிக்கட்டும்.”

அவளே கயிற்றுக்குப் பாய்ந்தாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

பதினொரு வீடுகள் எரிந்தன. ஹேனை நீக்கினார்கள். மறு வாரம் அந்த வேலை ரோம்பவுட்டுக்குக் கிடைத்தது.