பின்பக்கம் இறங்காத வண்டி

"பாய், பின்பக்கம் ஒரு இஞ்ச்கூட இறங்கக் கூடாது!"

மெக்கானிக் காதர் பாயின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான் கன்னியப்பன். நட்டைத் திருகி இறுக்கவோ தளர்த்தவோ முடிகிற சீமை ஷாக் அப்சார்பர், இராயபுரத்தில் அவர் பட்டறையில்தான் இருந்தது.

"ஸ்பிரிங்குல ரெண்டு பட்டை ஜாஸ்தி வெச்சு, இதையும் இறுக்கினா வண்டி கட்டையாட்டம் ஆயிடும் நைனா. பள்ளத்துல வுட்டா எலும்பு நொறுங்கிடும். சோழவரம் ரேஸுக்குப் பாதி இறுக்கினா போதும்."

"முழுசா இறுக்கு பாய். என் எலும்பு நொறுங்கினா நொறுங்கட்டும். இந்தத் தபா தோத்தேன்னா வூட்டுக்கே வர முடியாது. ரெண்டு பொட்டப் புள்ளைங்க கீதுங்க."

ரேஸ் பைத்தியம் மனுஷனை இப்படியுமா பிடிக்கும் என்று முனகிக்கொண்டே, பாய் கடைசி மரை வரைக்கும் இறுக்கினார்.

மறுநாள் காலை எர்ணாவூர் ரயில்வே கேட்டில் போலீஸ்காரர் கன்னியப்பனின் காரை மறித்தார். குனிந்து பின்பக்கத்தையே பார்த்தார். பின்பக்கம் தொங்கியதை வைத்துத்தான் போன வாரம் அவன் கூட்டாளியைப் பிடித்தார்கள்.

இவன் வண்டியோ மட்டமாக நின்றது.

"ரேஸ் வண்டியா? ஜெயிச்சுட்டு வாப்பா!" சிரித்தபடி வழிவிட்டார் போலீஸ்காரர்.

போன உயிர் திரும்பியது. வண்டி முதல் தண்டவாளத்தில் ஏறி, 'டமார்' என்று இறங்கியது.

கன்னியப்பனின் எலும்பு ஒன்றுகூட நொறுங்கவில்லை. சீட்டுக்குப் பின்னால் ஒளித்து அடுக்கியிருந்த அறுபது சாராயப் பாட்டில்களும் நொறுங்கின.

இரண்டாவது தண்டவாளத்தைத் தொடுவதற்குள், வாடை போலீஸ்காரரின் மூக்கை எட்டிவிட்டது.