ஊஃபரில் ஒரு சந்தேகம்

டார்ச்சை ஸ்பீக்கருக்குள் அடித்துப் பார்த்த ஸ்டோர் கீப்பருக்கு மூச்சே நின்றுவிட்டது. பேஸ் சத்தம் தரும் ஊஃபரின் காந்தத்தில், ரிப்பேருக்கு அனுப்புமுன் அவர் ரகசியமாக வைத்த சிவப்பு நகப்பூச்சுப் பொட்டைக் காணோம்.

"மாத்திட்டான்! ஒரிஜினலை உருவிட்டு டூப்ளிகேட்டைத் திணிச்சிட்டான்!"

"யாருங்க?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"உன் ரேடியோ மெக்கானிக்தான், வேற யாரு? வரச் சொல்லியிருக்கேன். இன்னிக்கு இருக்கு அவனுக்கு."

அதென்ன 'உன்' மெக்கானிக் என்று அவள் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதும் அவருக்கு உறுத்தியது.

இடுப்பு உயரத்துக்கு நிற்கும் அந்தப் பழைய ஸ்பீக்கர் ஜோடி மாமனாருடையது. மகள் பேருக்கு வீட்டை எழுதி வைத்தவர், வீட்டோடு இவற்றையும் விட்டுப் போயிருந்தார். ஊஃபர் விளிம்பு தொட்டாலே உதிர்ந்ததால் ரிப்பேருக்குப் போய், புது விளிம்பு ஒட்டி நேற்றுத்தான் திரும்பி வந்தது. ஹாலில் வைத்தால் ஜன்னல் வழியாக எவனாவது நோட்டம் விடுவான் என்று படுக்கையறைக்குள் கொண்டு வந்து வைத்திருந்தார்.

போட்டுப் பார்த்தால், 'திம்' என்று இறங்க வேண்டிய பேஸ் 'டொர்ர்ர்' என்று தொளதொளத்தது.

தெருவில் அவர் சந்தேகப்படாத ஆள் கிடையாது. சிலிண்டர் போட வந்தவன் எதற்குச் சிரித்தான், தையல்காரர் ஏன் மறுபடி அளவெடுத்தார் என்று ஒவ்வொன்றுக்கும் விசாரணை உண்டு. மழை நாளில் மனைவியை வீடுவரை கொண்டுவந்து விட்ட அவள் ஆபீஸ்காரர், தன் பெண்டாட்டியையும் கூட்டி வந்து விளக்கம் சொல்லிவிட்டுப் போனார். மனைவியின் தங்கை இந்த வாசலை மிதிப்பதையே விட்டுவிட்டாள்.

சட்டை மாற்ற அலமாரியைத் திறந்தார். "என் கோடு போட்ட சட்டை எங்க?"

"லாண்டரிக்குப் போயிருக்கு."

"எல்லாச் சட்டையுமேவா?"

"ம்."

அந்த லாண்டரிக்காரன் மேலும் ஒரு கண் வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, கழுத்து தொய்ந்த பனியனோடு வந்து உட்கார்ந்தார்.

வந்த மெக்கானிக் சிடுமூஞ்சி ஆசாமி. பொட்டு விவகாரத்தைக் கேட்டதும் அவருக்குச் சுர்ரென்று ஏறியது.

"காந்தம் முழுக்கத் துரு சார். தேய்ச்சு எடுத்துட்டு பெயின்ட் அடிச்சேன். உங்க பொட்டு மட்டும் எப்படி இருக்கும்?"

"அப்ப பேஸ் ஏன் லொடலொடங்குது?"

மெக்கானிக் ஸ்குரூக்களை முறுக்கினார். ஊஃபரை விரலால் மெல்ல அமுக்கிப் பார்த்தார். மறுபடி போட்டால் மறுபடியும் 'டொர்ர்ர்'. தலையைச் சொறிந்தார்.

"கடையில நல்லாத்தான் சார் பாடுச்சு."

"கடையில ஒரிஜினல் பாடியிருக்கும்!"

மனைவி டீயோடு வந்தாள். "எடுத்துக்குங்க தம்பி."

"தேங்க்ஸ்க்கா."

தம்பியாம், அக்காவாம். உறவுமுறை வைக்கும் அளவுக்கு எப்போது வந்தது? ஸ்டோர் கீப்பரின் பார்வை டீ டம்ளர் கைமாறும் இடத்திலேயே நின்றது.

"சார், இந்த ரூம்லதான் ஏதோ ஆடுது. அதுக்கெல்லாம் நான் பொறுப்பு இல்ல" என்றார் மெக்கானிக் எரிச்சலோடு.

"ரூம் மேல பழியா? சரி, அந்தத் தடிச்ச சத்தத்தை மட்டும் விடாம போடு. எது ஆடுதுன்னு நானே பாக்கறேன்."

மெக்கானிக் செல்போனிலிருந்து ஒரே சீரான உறுமலை ஸ்பீக்கரில் ஓட விட்டார். ஸ்டோர் கீப்பர் ஜன்னல் கண்ணாடியை அழுத்திப் பிடித்தார். டொர்ர்ர். நிலைக்கண்ணாடியைப் பிடித்தார். டொர்ர்ர். ஒவ்வொன்றுக்கும் அவர் முகத்தில் வெற்றிச் சிரிப்பு கூடிக்கொண்டே போனது.

பீரோவில் கை வைத்தபோது சத்தம் லேசாக அமுங்கியது.

சிரிப்பு போயிற்று. ஸ்டூலைப் போட்டு ஏறினார். பீரோ மேல் பழைய போர்வைகள் குவிந்திருந்தன. விலக்கினால், சுவரோடு ஒட்டி ஒரு சூட்கேஸ். அதன் ஒரு பக்கத்துக் கொக்கி தளர்ந்து படபடத்துக்கொண்டிருந்தது. விரலால் அமுக்கினார். பேஸ் இழுத்துக் கட்டினாற்போல் கெட்டியாக இறங்கியது.

"பாத்தீங்களா சார்? பாத்தீங்களா?" மெக்கானிக் துள்ளினார்.

அது ஸ்டோர் கீப்பர் காதில் விழவில்லை. சூட்கேஸைத் தூக்கியவருக்குக் கை தாழ்ந்தது. கனம். நிரப்பி, பூட்டாமல், போர்வை போட்டு மறைத்து வைத்த கனம்.

கீழே இறக்கினார். மனைவியைப் பார்த்தார். மெக்கானிக்கைப் பார்த்தார். மறுபடி மனைவியை.

"எங்க கிளம்பறதா உத்தேசம்?"

அவள் டீ டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"கேக்கறேன்ல? யார் கூட?"

மெக்கானிக் சத்தத்தை நிறுத்திவிட்டு அவசரமாகக் கருவிகளைப் பைக்குள் போட்டார். "நான் வர்றேன்க்கா" என்றவர் காசு கூடக் கேட்காமல் வெளியேறினார்.

வழக்கமாக இந்தக் கேள்விக்கு அவள் கண் கலங்கும், குரல் தழுதழுக்கும், சத்தியம் செய்வாள். இன்று எதுவும் இல்லை. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக நின்றாள்.

"திறந்து பாருங்க."

இத்தனை வருஷச் சந்தேகம் கையும் களவுமாகச் சிக்கிவிட்டது என்ற வெறியில் அவர் கொக்கிகளைத் தட்டி மூடியை நிமிர்த்தினார்.

மடிப்புக் கலையாத சட்டைகள். பேன்ட்டுகள். பிரஷர் மாத்திரை அட்டைகள். இன்னும் பிரிக்காத புது ஷேவிங் செட்.

கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கோடு போட்ட சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தார்.

"இது... எல்லாம் என்னோடதுல்ல?"

"ஆமாங்க. கிளம்பறது நான் இல்ல."