வேரைக் காட்டும்!

மலைச்சரிவு முழுவதும் உண்ணிச்செடி மண்டிவிட்டதால், கிழங்கு தோண்ட இடமின்றிக் காட்டுப்பன்றியின் குடும்பம் பட்டினி கிடந்தது. செடியை அகற்றலாமா என்று குடிமக்களின் கருத்தைக் கேட்க அரசாங்கக் கொக்கு வந்து இறங்கியதும், பன்றி முதல் ஆளாய்ப் போய் நின்றது.

"இம்மண்ணில் வேரூன்றியவர்கள் மட்டுமே கருத்துக் கூறலாம்," என்று ஆணையை வாசித்தது கொக்கு. "உமக்கு வேர் உண்டா?"

"என் பாட்டனும் பூட்டனும் இங்கேதான் பிறந்தார்கள், ஐயா!"

"பாட்டனை யார் கேட்டது? காலைத் தூக்கும்."

பன்றி தூக்கிக் காட்டியது. குளம்பில் சேறுதான் இருந்தது. கொக்கு இல்லையென்று தலையை ஆட்டிவிட்டது.

"என் வேர் வெகு ஆழம், ஐயா," என்று பூக்களைக் குலுக்கிச் சிரித்தது நேற்று வந்த உண்ணிச்செடி. "நான் இங்கேயே இருக்க வேண்டும், இந்தச் சேற்றுமூக்கன் வெளியேற வேண்டும். இதுவே என் கருத்து."

பன்றி பணிவாகவே கேட்டது: "என் காலைச் சோதித்தீர்களே, ஐயா. அம்மணியின் வேரைச் சோதிக்க வேண்டாமா?"

"முறைப்படி சோதிக்கத்தான் வேண்டும்," என்றது கொக்கு. "செடியே, வேரைக் காட்டும்."

செடியின் சிரிப்பு நின்றது. "அது... மண்ணுக்குள் அல்லவா இருக்கிறது?"

"தாங்கள் சிரமப்படாதீர்கள், அம்மணி. நான் எடுத்துக் காட்டுகிறேன்," என்று மூக்கை மண்ணுக்குள் நுழைத்தது பன்றி.