லைசென்ஸ் படத்து அப்பா

கல்யாணம் முடிந்து ஆறு மாதம் கழித்துக் கோகிலவாணி மயில்சாமியின் போட்டோ ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

"ஏனுங்கண்ணா, மேடையில எங்கப்பா ஒருக்காகூட என்னையத் திரும்பிப் பாக்கலீங்க. இந்தக் கல்யாணம் அவருக்குப் புடிக்கலையோ? கேக்கறதுக்கு இப்ப அவரும் இல்லீங்க. அதே நெனப்பா இருக்குது. சோறு எறங்க மாட்டேங்குது."

அவள் அப்பா கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்பே இறந்துவிட்டார். அவர் படத்தை மேடைப் படத்தோடு சேர்க்கச் சொன்னதே அவள்தான். சேர்த்த படத்தை ஒருமுறை பார்த்தால் போதும், அது நடந்ததாகவே மனதில் நின்றுவிடும். சேர்க்கச் சொன்னது மறந்துபோகும். அதற்காகத்தான் ஜனங்கள் வருகிறார்கள். மறந்தவர்களிடம் உண்மையைச் சொல்லக்கூடாது என்பது ஸ்டுடியோக்காரர்களின் கட்டுப்பாடு.

அவள் கொடுத்தது லைசென்ஸுக்காக எடுத்த படம். அதில் அவர் விறைப்பாக நேரே பார்ப்பார். மயில்சாமி அப்படியே ஒட்டியிருந்தான்.

"புடிக்காம இருக்குமா அம்மணி? இன்னொரு படம் கெடக்குது, இருங்க."

மேடைப் படத்தில் அப்பாவின் கண்மணிகளை மட்டும் மணப்பெண் பக்கம் நகர்த்திவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினான். அவள் முகம் மலர்ந்தது.

"ஆமாங்கண்ணா! தாலி கட்டுறப்ப அப்பா அழுதாரு. 'நான் இருக்கேன் சாமி'ன்னு என் காதுல சொன்னாரு. இதைப் போயி மறந்துட்டனே!"

அவள் போன பிறகும் மயில்சாமி திரையின் முன்னாலிருந்து எழவில்லை. கண்ணைத்தான் அவன் திருப்பினான். அவரை அவன் பேச வைக்கவில்லை.