பிடிச்சிருக்கா?

பிரிண்டர் மேசை முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள். அட்டை மூடாத துளைகளின் மேல் டேப் ஒட்டிவிட்டு, கடைக்கார ரெஜினா காற்றை உறிஞ்சும் வேக்குவத்தைப் போட்டாள். அடியில் மோட்டார் உறுமியது. கல்யாண வரவேற்புப் பலகைக்கான வெள்ளை அட்டையைக் காற்று கீழே இழுத்துப் பிடித்தது.

"ஓரம் நகத்தளவு தூக்கினாலும் மை தெளிக்கிற ஹெட் இடிச்சு எல்லாம் போயிடும்" என்றவள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடி மணப்பெண்ணிடம் கேட்டாள். "அந்த மூலையைத் தொட்டுப் பாரும்மா. பிடிச்சிருக்கா?"

மஞ்சரி வாயைத் திறக்கும் முன்பே அவள் அப்பா சொன்னார். "பிடிச்சிருக்கு."

"நீங்க தொடவே இல்லையே சார். பொண்ணு சொல்லட்டும்."

மஞ்சரி மூலையில் கை வைத்தாள். அங்கேதான் மாப்பிள்ளையின் முகம் வரப்போகிறது. விரலுக்கு அடியில் அட்டை மெல்ல மேலே முட்டியது. அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லும்மா, பிடிச்சிருக்கா?" என்றாள் ரெஜினா.

பெண் பார்க்க வந்த அன்று சொன்ன அதே குரலில், "பிடிச்சிருக்கு" என்றாள். கையை எடுத்துக்கொண்டாள்.

ஹெட் அந்த மூலையை நோக்கி நகரத் தொடங்கியது.