பேறுகாலத்துக்குப் போகாதவள்

திருத்தணி பஸ் நிலையத்தில் எல்லாரும் கேட்கும்படி புஷ்பலதா ஏளனமாகச் சிரித்தாள்.

"பொண்ணு ஜெர்மனியில மூணு வயசுப் புள்ளையையும் பச்சக் கொழந்தையையும் வெச்சுக்கினு தனியா அல்லாடுது. தாய்க்காரி இங்க ஜாலியா சுத்திக்கினு கீறா! ஏன், விசா வரலியா?"

"வந்துச்சுங்க," என்றாள் மார்கரெட்.

"டிக்கெட்டு?"

"மாப்ள போட்டாரு. நான்தான் வேணாம்னுட்டேன்."

"தூ! நீயெல்லாம் ஒரு தாயா?"

மார்கரெட்டின் கண் கலங்கியது. மகள் ப்ளெஸ்ஸி நேற்றும் போனில் அழுதிருந்தாள்.

"இங்க என் மருமகளுக்கும் இதுதாங்க மாசம். அவள எப்படி விட்டுட்டுப் போறது?"

பூ விற்றுக்கொண்டிருந்த பெண் குறுக்கிட்டாள். "அவளுக்கு அம்மா இல்லியாம்மா?"

"இருக்காங்க. சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பையனைக் கட்டிக்கினான்னு அவளைத் தலமுழுகிட்டாங்க."

மார்கரெட் புஷ்பலதாவைக் காட்டினாள்.

"இதோ, இவங்கதான்."